ஆறாம் இருக்கைக்கு வைத்த முட்டை

அந்த ராமென் நூடுல்ஸ் கடைக்கு வருகிறவர்கள் யாரும் யார் முகத்திலும் விழிக்க வேண்டியதில்லை. சுவரை ஒட்டி வரிசையாகப் பன்னிரண்டு இருக்கைகள். ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் மரத் தடுப்பு. எதிரே ஒரு முழ அகலத்தில் சின்ன ஜன்னல், அதற்கு ஒரு மூங்கில் திரை. ஜப்பானில் இப்படித் தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிடும் கடைகளைப் பார்த்துவிட்டு வந்து முதலாளி கட்டியது. கூட்டமாக வந்து அரட்டை அடிப்பவர்களுக்கு இங்கே இடமில்லை. ஒண்டிக்கட்டைகள், அரை மணி இடைவேளையில் ஓடி வரும் குமாஸ்தாக்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்கள், சண்டை போட வீடே இல்லாதவர்கள், இவர்கள்தான் வருவார்கள்.

ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று கிண்ணம் வைப்பவர்களில் ஒருவரைக் கடையில் எல்லாரும் டைம்கீப்பர் என்று கூப்பிட்டார்கள். முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலை வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று குறித்துக்கொண்டிருந்தவர் அவர். தொழிற்சாலை மூடியது. அறுபது வயதுக்காரருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? இந்தக் கடையின் மேனேஜர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இங்க முகம் வேணாம் சார், கை சுத்தமா இருந்தா போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"முகத்துக்கும் சேர்த்துத்தான் வேலைன்னா என்ன சார் பண்ணியிருப்பீங்க?" என்றார் சூப் மாஸ்டர். காலையிலிருந்து எலும்பு கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நிற்பவர். அண்டா கொதிப்பது நின்றாலும் அவர் வாய் நிற்காது.

வேலையில் சூட்சுமம் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர் முன்னால் ஒரு சீட்டும் பென்சிலும் இருக்கும். சூப் கனமா, நடுத்தரமா, லேசா. நூடுல்ஸ் குழைவா, பதமா, விறைப்பா. பூண்டு வேண்டுமா, வேண்டாமா. வேண்டியதை வட்டமிட்டு மணியை அழுத்தினால் திரைக்கு அடியில் ஒரு கை வந்து சீட்டை எடுத்துக்கொண்டு போகும். ஐந்து நிமிஷத்தில் திரை உயரும். ரப்பர் உறை போட்ட இரண்டு கைகள் கிண்ணத்தை வைக்கும். கைகளுக்கு உரியவர் குனிந்து வணங்குவார். திரை இறங்கும். பேசக் கூடாது. 'ஜன்னலில் பேச்சு கிடையாது' என்று சமையலறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மீறினால் பாத்திரம் கழுவும் பக்கம் போக வேண்டியதுதான்.

டைம்கீப்பருக்கு இது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் குறை சொல்லவும் இல்லை. வாழ்நாள் முழுக்க மனிதர்களின் முகத்தைப் பார்த்து நேரம் குறித்தவருக்கு, வெறும் கைகளைப் பார்ப்பது ஒரு மாறுதலாக இருந்தது. ஜன்னல் வழியாக அவருக்குத் தெரிவது மேசையும், சட்டையின் மூன்று பொத்தான்களும், இரண்டு கைகளும்தான்.

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, ஆறாம் இருக்கையிலிருந்து அந்தச் சீட்டு வந்தது.

அதில் வட்டமே இல்லை. வேண்டாததெல்லாம் அழுத்தமாக அடிக்கப்பட்டிருந்தது. கனம் அடி, லேசு அடி, நடுத்தரம் மிச்சம். குழைவு அடி, பதம் அடி, விறைப்பு மிச்சம். பூண்டில் 'வேண்டும்' அடி.

டைம்கீப்பர் சீட்டைப் பிடித்தபடி நின்றார். எத்தனையோ பேர் சீட்டைத் தப்பாக நிரப்புவார்கள். ஆனால் இப்படி வேண்டியதை விட்டுவிட்டு வேண்டாததை மட்டும் கிழிகிற மாதிரி அடிக்கிற ஒரு ஆளைத்தான் அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடப் படிவத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் வரை அவன் அப்படித்தான் அடிப்பான். கிண்ணத்தைக் கொண்டுபோய்த் திரையை உயர்த்தியபோது, மேசை மேல் இருந்த இடது கையின் ஓரத்தில் பென்சில் கரி படிந்திருந்தது. இடது கையால் எழுதுகிறவனுக்குப் படிகிற கரி.

பதினொரு வருஷமாகப் பேசாத தம்பி.

கிண்ணம் லேசாக ஆடி இரண்டு சொட்டு சூப் மேசையில் விழுந்தது. டைம்கீப்பர் குனிந்து வணங்கினார், திரையை இறக்கினார். பிறகு குளிர்பெட்டி மேல் கை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன சார், தலை சுத்துதா?" என்றார் சூப் மாஸ்டர்.

"ஒண்ணுமில்ல. சூடு."

"நான் நிக்கிற இடத்துல நின்னு பாருங்க, அப்புறம் சொல்லுங்க சூடுன்னு."

அவர்கள் கதையில் யார் பக்கம் நியாயம் என்று கேட்டால் டைம்கீப்பரிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவருக்கு இருபத்தொன்று, தம்பிக்கு ஒன்பது. உறவுக்காரர்கள் வந்து ஒப்பாரி வைத்துவிட்டு, "பையனைப் பார்த்துக்கோப்பா" என்று முதுகைத் தட்டி பஸ் ஏறினார்கள். அவர் பார்த்துக்கொண்டார். விடியுமுன் எழுந்து சமைத்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். வந்த இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்தார். புதன்கிழமை ஓவர்டைம் பார்த்தால் வியாழக்கிழமை ஒரு முட்டை வாங்குவார். ஒரே ஒரு முட்டை. அதை அவித்து, உரித்து, தம்பி தட்டில் வைத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நிற்பார்.

"சாப்பிடு. ஓவர்டைம் பார்த்து வாங்கினது. எனக்கு வேணாம், நீ சாப்பிடு."

பையன் கடிப்பான்.

"எனக்கும் பிடிக்கும்தான். பரவாயில்ல. நீ வளர்ற பிள்ளை."

பையன் மெல்லுவான்.

"பெரியவனானதும் இதெல்லாம் நினைச்சுப் பார்ப்பியா?"

பையன் தண்ணீர் குடிப்பான்.

இதை டைம்கீப்பர் அன்பு என்று நினைத்தார். அன்பு இல்லை என்று அடித்துச் சொல்ல நம்மாலும் முடியாது. ஆனால் கொடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசி நாக்கில் ஏறிவிட்டால் கொடுப்பவன் நிறுத்த மாட்டான், வாங்கிக்கொள்கிறவன் பாடுதான் திண்டாட்டம். ஒருமுறை பையன் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தபோது, மடியில் அமுக்கி வாயில் திணிக்கப் போனார். அவன் திமிறி அவருடைய இடது காதைக் கடித்தான். மேல் விளிம்பில் அரிசியளவு சதை போயிற்று. அந்த இடத்தை இருபது வருஷம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தொட்டுக் காட்டினார். "சோறு போட்டதுக்குக் கிடைச்ச சம்பளம்."

தம்பி படித்தான், சர்வேயர் வேலையில் சேர்ந்தான், கல்யாணம் செய்தான், வீடு கட்டினான். புது வீட்டில் முதல் விருந்து. பெண்டாட்டி வீட்டு மனிதர்கள் இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பியே பரிமாறிக்கொண்டு வந்தான். அண்ணன் தட்டில் முதலில் வைத்தான். அதைப் பார்த்து டைம்கீப்பருக்கு நெஞ்சு நிறைந்தது. நெஞ்சு நிறைந்தால் சிலருக்குக் கண் தளும்பும், அவருக்கு வாய் தளும்பும்.

"இன்னைக்கு இவன் ஊருக்கே சாப்பாடு போடுறான். ஒன்பது வயசுல இருந்து இவனுக்குப் போட்டது யாருன்னு கேளுங்க. நான் கல்யாணமே பண்ணிக்கல. ஒரு முட்டை வாங்கினாக்கூட இவனுக்குத்தான். ஒருநாள் பட்டினி போட்டிருப்பேனா? கேளுங்க இவனை."

யாரும் கேட்கவில்லை. தம்பி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தான். அண்ணனுக்கு முன்னால் இருந்த தட்டை இழுத்துத் தள்ளி வைத்தான். "எழுந்திரு" என்றான். அவ்வளவுதான். பிசைந்த கையோடு டைம்கீப்பர் எழுந்து வெளியே போனார். தெருமுனைக் குழாயில் கை கழுவினார்.

அதற்குப் பிறகு பதினொரு வருஷம். சின்னவன்தான் முதலில் பேச வேண்டும் என்று இவர் இருந்தார். அவன் எதற்காக இருந்தானோ தெரியாது. இவருக்கு வேறு யாரும் இல்லை. ஒற்றை அறை, ஒற்றைக் கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாவதற்குள் அவன் வாயிலிருந்து 'அண்ணா' என்று ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பதுதான் மிச்சமிருந்த ஆசை. தானாகப் போய்க் கூப்பிட்டால் அது கேட்டதாகாது. அவனாக வர வேண்டும்.

இப்போது வந்திருக்கிறான். தெரியாமல்தான் வந்திருக்கிறான் என்று டைம்கீப்பர் நம்பினார். கையில் உறை, முகத்துக்கு நேரே சுவர், தலையில் தொப்பி. தெரிய வழியே இல்லை. அடுத்த வியாழக்கிழமையும் ஒன்றரை மணிக்கு அதே அடித்த சீட்டு வந்தது. ஆறாம் இருக்கை காலியாக இல்லாவிட்டால் காத்திருந்து அதிலேயே உட்காருகிறான் என்று மேசைக்காரம்மா சொன்னாள். வெளிப்பக்கம் மேசை துடைத்து எச்சில் கிண்ணம் எடுப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். ஐம்பது வயதிருக்கும். வாய்க்கு வாய் "அண்ணே, அண்ணே" என்பாள். அந்தச் சொல் அவளிடம் சும்மாவே கிடைத்தது, அதனால் டைம்கீப்பர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மூன்றாம் வாரம் முட்டை வைத்தார்.

கடை வேலைக்காரர்களுக்கு மதியம் மூன்று மணிக்கு ஒரு கிண்ணம் ராமெனும் ஒரு முட்டையும் உண்டு. சோயா சாஸில் ஒரு நாள் முழுக்க ஊறிப் பழுப்பேறிய முட்டை. நடுவில் மஞ்சள் கரு பாகு மாதிரி நிற்கும். வாடிக்கையாளர் தனியாகக் கேட்டால்தான் அது கிண்ணத்தில் விழும். தம்பி கேட்டதில்லை. டைம்கீப்பர் தன் பங்கை எடுத்து, நூலால் இரண்டாக அறுத்து, இறைச்சித் துண்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் மேலே தெரிய வைத்தார்.

"சார், ஆறாம் நம்பர்ல யாரு, பழைய சிநேகிதியா?" என்றார் சூப் மாஸ்டர்.

"என் பங்கு. நான் என்ன வேணா செய்வேன்."

"செய்யுங்க செய்யுங்க. இந்த வயசுல முட்டையோட நின்னா சரி."

அன்று மூன்று மணிக்கு முட்டையில்லாமல் சாப்பிட்டபோது, வெகு நாளுக்குப் பிறகு டைம்கீப்பருக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. சொல்லிக் காட்டாமல் கொடுக்கிறோம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார். யாருக்கும் தெரியாமல் மெச்சிக்கொண்டாலும் அது மெச்சுதல்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

ஏழு வாரம் இப்படிப் போயிற்று. ஏழாவது வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் மேசைக்காரம்மா தன் கிண்ணத்தில் இருந்த முட்டையைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

"சாப்பிடலியா?"

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேண்ணே. வியாழக்கிழமை எனக்கு ரெண்டு முட்டை. ஒண்ணு ஏற்கெனவே உள்ள போயாச்சு."

"ரெண்டு ஏது?"

"அந்த ஆறாம் நம்பர் மனுஷன் முட்டையைத் தொடுறதே இல்லண்ணே. சூப்பு ஒரு சொட்டு விட மாட்டாரு, நூடுல்ஸ் ஒரு இழை விட மாட்டாரு. முட்டையை மட்டும் எடுத்து ஓரமா தட்டுல வச்சிட்டுப் போயிடுவாரு. கடிச்சது கூட இல்ல. வாரா வாரம். தூக்கிப் போட மனசு வருமா? நான்தான் சாப்பிடுவேன்." அவள் டைம்கீப்பர் முகத்தைப் பார்த்தாள். "ஏண்ணே, திட்டாதீங்க. எச்சில் படாத முட்டைதான்."

டைம்கீப்பர் திட்டவில்லை. கையில் எடுத்த நூடுல்ஸ் மறுபடி கிண்ணத்தில் வழிந்தது.

"அவனுக்கு முட்டை பிடிக்குமே" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து போனார். அன்று பூராவும் அதே யோசனை. ஏன் தொடவில்லை? சர்க்கரை வியாதியா? கொழுப்பா? டாக்டர் சொல்லியிருப்பாரா? கேட்காத பொருளைச் சாப்பிட்டால் காசு கேட்பார்கள் என்று பயமா? மேசைக்காரம்மாவிடம் ஜாடையாக விசாரித்தபோது அவள் அலுத்துக்கொண்டாள்.

"எனக்கென்ன தெரியும்ணே? ஒருநாள் நீங்களே அந்தப் பக்கம் போய் உக்காந்து பாருங்க. அங்க இருந்து பார்த்தாத்தான் இந்தக் கடை என்னன்னு தெரியும்."

செவ்வாய்க்கிழமை அவருக்கு வாராந்திர விடுப்பு. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசல் வழியாக உள்ளே வந்து, ஆறாம் இருக்கையில் உட்கார்ந்தார். ஒன்றரை வருஷம் வேலை பார்த்த கடையில் அதுதான் முதல் தடவை. பலகைத் தடுப்புக்கு நடுவில் உட்கார்ந்ததும், தொழிற்சாலைக் கூண்டு ஞாபகம் வந்தது. சீட்டை எடுத்து, நடுத்தரம், பதம், பூண்டு வேண்டும் என்று மூன்று அழகான வட்டம் போட்டு மணியை அழுத்தினார்.

திரை உயர்ந்தது. மாற்று ஆளின் தடித்த கைகள் வந்து கிண்ணத்தை வைத்தன. அதுவரை எல்லாம் எதிர்பார்த்தபடிதான். அப்புறம் அந்த ஆள் குனிந்தார்.

ஜன்னல் நிறையத் தலை வந்தது. தொப்பி, தொப்பிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த இரண்டு காதுகள், வலது காதுக்குக் கீழே ஒரு மரு, மருவில் முளைத்த இரண்டு முடி. கை நீட்டினால் தொடலாம். ஒரு மூச்சு நேரம் அந்தத் தலை அப்படியே இருந்தது. பிறகு திரை இறங்கியது.

டைம்கீப்பரின் கை தானாக இடது காதுக்குப் போயிற்று. மேல் விளிம்பில் அரிசியளவு பள்ளம்.

உள்ளே நின்று குனிகிறவன் தரையைத்தான் பார்க்கிறான். தன் தலை எங்கே போய் நிற்கிறது என்று அவனுக்குத் தெரியாது. முதல் வியாழக்கிழமையே, சூப் சிந்தி அவர் குனிந்த அந்தக் கணத்திலேயே, தம்பி தன் பல் பட்ட காதைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாரமும் வந்திருக்கிறான். காத்திருந்து இதே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான்.

கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது. அவர் சாப்பிட ஆரம்பித்தார். நன்றாக இருக்கிறது என்று எதையும் சட்டென்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை அவர். ஆனாலும் சூப் உள்ளே இறங்க இறங்க, தோள் தளர்ந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்க ஆள் இல்லை, போதுமா என்று முறைக்க ஆள் இல்லை. வைத்தவர் வைத்துவிட்டுப் போய்விட்டார். எப்படி இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தபோது, வாழ்நாளில் இவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை என்று அவருக்குப் பட்டது.

அங்கேயே, அந்த நிமிஷத்திலேயே அவர் விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கலாம். விடை அவர் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. ஆனால் அவர் மனசு வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தெரிந்துதான் வருகிறான். எனக்காகத்தான் வருகிறான். கூச்சத்தில் பேசாமல் இருக்கிறான். பெரியவன் ஒரு வார்த்தை கொடுத்தால் போதும், பையன் உடைந்துவிடுவான்.

வியாழக்கிழமை ஒன்றரை மணிக்கு அடித்த சீட்டு வந்தது. டைம்கீப்பர் முட்டையை அறுத்து, அன்றைக்கு இன்னும் நன்றாகத் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தார். என்ன பேச வேண்டும் என்று இரண்டு நாளாகப் பாடம் செய்து வைத்திருந்தார். 'எப்படிப்பா இருக்கே?' இவ்வளவுதான். இரண்டே வார்த்தை. அதற்கு அவன் 'நல்லா இருக்கேண்ணா' என்பான்.

திரையை உயர்த்தினார். கிண்ணத்தை வைத்தார். குனிந்தார். குனிந்தபடியே நின்றார்.

"தம்பி."

மேசை மேல் சாப்ஸ்டிக் பிடித்திருந்த இடது கை அசையாமல் நின்றது.

வாய் திறந்தது. பாடம் செய்தது வரவில்லை. நாற்பது வருஷப் பழக்கம் வந்தது.

"முட்டையைச் சாப்பிடு. கடையில குடுக்கிறது இல்ல அது. என் பங்கு. ஏழு வாரமா நான் சாப்பிடாம உனக்கு வைக்கிறேன்."

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்தக் குரல் கேட்டது. கதவு நிலையில் சாய்ந்து நின்ற குரல்.

பக்கத்துத் தடுப்புக்குள் யாரோ நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. பிறகு தம்பி பேசினான். கோபமாக இல்லை. அலுவலகத்தில் யாருக்கோ அளவு சொல்கிற மாதிரி நிதானமாக.

"முதல் நாளே தெரியும். குனிஞ்சப்போ காது தெரிஞ்சுது. எழுந்து போயிடலாம்னுதான் நினைச்சேன். நீ ஒண்ணும் பேசாம திரையை இறக்கிட்டே."

"ஆமா, இங்க பேசக் கூடாதுன்னு—"

"தெரியும். என் வாழ்க்கையில அன்னைக்குத்தான் நீ வச்ச சாப்பாட்டை நான் நிம்மதியா சாப்பிட்டேன். ஒரு சொல்லு இல்லாம. அதுக்காகத்தான் மறுபடி வந்தேன். இப்படியே வாரம் ஒரு நாள் வந்துட்டுப் போகலாம், நீ வைப்பே, நான் சாப்பிடுவேன், நமக்கு இது போதும்னு இருந்தேன்."

டைம்கீப்பருக்கு முதுகு வலித்தது. நிமிர்ந்தால் சுவர்தான் தெரியும், அவன் கை தெரியாது. நிமிரவில்லை.

"அப்புறம் முட்டை வந்துச்சு" என்றான் தம்பி. "பார்த்ததும் புரிஞ்சுது, நீ ஆரம்பிச்சிட்டேன்னு. சரி, முட்டையை மட்டும் ஒதுக்கிடுவோம், மிச்சத்தைச் சாப்பிடுவோம்னு பார்த்தேன். அதையும் நீ விடல."

"அண்ணன் தம்பிக்கு ஒரு முட்டை வச்சா தப்பாடா? நான் உனக்கு—"

"போதும்ணா."

அந்தச் சொல் கடைசியில் வந்துவிட்டது. பதினொரு வருஷம் காத்திருந்த சொல், சாப்பாடு வைக்கிறவன் கையைத் தடுக்கும்போது சொல்கிற சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

இடது கை சாப்ஸ்டிக்கைக் கிண்ணத்தின் மேல் குறுக்கே வைத்தது. பிறகு ஜன்னல் வரை நீண்டு, வாடிக்கையாளர் யாரும் தொடாத அந்தத் திரையின் கயிற்றைப் பிடித்து, மெதுவாக இறக்கியது. மூங்கில் நுனி டைம்கீப்பரின் தொப்பியில் இடித்தது. அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாசல் மணி ஒருமுறை அடித்தது.

சூப் மாஸ்டர் அண்டாவுக்குப் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தார். கரண்டியால் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். திரும்பிய டைம்கீப்பரின் முகத்தைப் பார்த்ததும், என்ன தோன்றிற்றோ, கரண்டியைத் திரும்பவும் அண்டாவில் விட்டார். மேனேஜரிடமும் சொல்லவில்லை.

"முழுக் கிண்ணம்ணே" என்று மேசைக்காரம்மா வெளிப்பக்கத்திலிருந்து வந்தாள். "ஒரு வாய் கூட வைக்கல. சூப்பெல்லாம் அப்படியே இருக்கு. என்ன ஆச்சு அவருக்கு? நல்லாத்தானே வந்தாரு?"

"கொட்டிடு."

"முட்டை?"

டைம்கீப்பர் அடுத்த சீட்டை எடுத்தார். அவள் அவரையும் சூப் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, மேசை துடைக்கும்போது ஆறாம் தடுப்புக்குள்ளிருந்து அரைகுறையாகக் கேட்ட பேச்சு ஞாபகம் வந்து, இவர் காதையும் பார்த்தாள். ஒன்றரை வருஷமாகப் பார்த்த காதுதான்.

அடுத்த வியாழக்கிழமை ஆறாம் இருக்கையில் யாரோ உட்கார்ந்து கனம், குழைவு, பூண்டு என்று மூன்று வட்டம் போட்டு அனுப்பினார்கள். அதற்கடுத்த வாரமும் வட்டங்கள்தான். டைம்கீப்பர் கிண்ணம் வைத்தார், குனிந்தார், திரையை இறக்கினார். மனசுக்குள் வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது. ஒன்பது வயசில் இருந்து போட்டேனே, வரனைத் தட்டிக் கழித்தேனே, காதைக் கொடுத்தேனே என்று சாட்சிகள் வரிசையாக வந்தன. கேட்க நீதிபதி மட்டும் இல்லை. ஒருநாள் சூப் மாஸ்டரிடம் ஆரம்பித்தார். "மாஸ்டர், எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு நான்..." அங்கேயே நிறுத்திக்கொண்டார். "என்ன சார்?" என்றார் மாஸ்டர். "ஒண்ணுமில்ல" என்றார்.

நாலாவது வியாழக்கிழமை மூன்று மணிக்கு, தன் கிண்ணத்தில் இருந்த முட்டையை எடுத்து மேசைக்காரம்மாவின் கிண்ணத்துப் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கோம்மா. வீட்டுக்குக் கொண்டு போ."

"வேணாண்ணே."

"முன்னால சாப்பிட்டியே?"

"அப்ப அது யாரோ விட்டுட்டுப் போன முட்டை. யார் கணக்கிலும் இல்ல. தின்னேன், வாயைத் துடைச்சேன், மறந்தேன்." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "இப்ப இது உங்க முட்டைன்னு தெரிஞ்சு போச்சே. இதைத் தின்னுட்டு நாளைக்கு உங்க முகத்துல முழிக்கணும்ல? நீங்களே சாப்பிடுங்க."

டைம்கீப்பர் வாயைத் திறந்தார். சொல்ல நிறைய இருந்தது. மூடிக்கொண்டார்.

முட்டையை எடுத்துக் கடித்தார். எத்தனையோ வியாழக்கிழமைகளில் அவர் சாப்பிடாத முட்டை. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.